நாங்கள் தாண்டிப் போன வீடு

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாங்கள் ஒரு வீட்டைத் தாண்டிப் போனோம்.

அவ்வளவுதான் சம்பவம். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லப்போனால், அந்த வீட்டின் முன்னால் வந்ததும் பாட்டை நிறுத்திவிட்டு, செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல், அத்தனை மரியாதையாகத் தாண்டிப் போனோம்.

அந்த மரியாதையைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது. நல்லவிதமாக அல்ல.

முதலில், விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களை நாங்கள் திருவருகைக் காலம் என்போம். கொண்டாட்டம் கிடையாது, அதற்கு முந்தைய காத்திருப்பு. சாமியாருக்கு ஊதா உடுப்பு. கோயிலில் ஒரு பச்சை வளையம் பின்னி அதில் நான்கு மெழுகுவத்தி நட்டு, வாரம் ஒன்றாக ஏற்றுவோம். இந்த ஊரில் ரோஜாவுக்குப் பஞ்சமா? ஏற்றுமதிக்கு ஆகாமல் கழித்த ரோஜாவையெல்லாம் யாராவது கூடையோடு கொண்டுவந்து கொட்டிவிடுவார்கள். வளையத்தில் இலையைவிடப் பூ அதிகமாக இருக்கும். பூ கூடாத காலம் இது என்று ஃபாதர் வருஷா வருஷம் சொல்கிறார். நாங்களும் வருஷா வருஷம் தலையாட்டுகிறோம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒவ்வொரு தெருவிலும் இருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்களைச் சேர்த்து அன்பியம் என்று ஒரு குழு. ஒவ்வொரு அன்பியத்துக்கும் ஒரு சுரூபம், சின்னச் சிலை, கொடுப்பார்கள். நிறைமாத கர்ப்பிணியாக மாதா, பக்கத்தில் அவர் கணவர் சூசையப்பர். பெத்லகேமில் பிரசவத்துக்கு இடம் கிடைக்காமல் அலைந்த கதைதான். அந்தச் சுரூபம் தெருவில் வரிசையாக வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு ராத்திரி. மறுநாள் சாயங்காலம் எல்லாரும் கூடி அடுத்த வீட்டுக்குத் தூக்கிப் போவோம். வாசலில் நின்று, "இந்த வீட்ல இடம் இருக்கா?" என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர், "இருக்குது, உள்ள வாங்க" என்று சொல்ல வேண்டும். கன்னடக்காரர் வீடென்றால், "பன்னி, பன்னி." ஓசூரில் மாதாவுக்கு மூன்று பாஷையிலும் இடம் கிடைக்கும் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவேன்.

எல்லாரும் என்றால் பெரிய கூட்டத்தைக் கற்பனை செய்யாதீர்கள். இளைஞர்களெல்லாம் அந்த நேரத்தில் பெங்களூர் வேலை முடிந்து அத்திப்பள்ளி டிராஃபிக்கில் இருப்பார்கள். வருவது பெண்களும் ரிட்டையர் ஆனவர்களும்தான். காதுக்கு மஃப்ளர், கழுத்துக்கு ஜெபமாலை.

இதற்குத் தலைவர் ஆரோக்கியம் அண்ணன். எலத்தகிரிக்காரர். இங்கே ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். சுரூபம் எந்த வீட்டுக்கு என்றைக்குப் போக வேண்டும் என்பதை ஷிஃப்ட் பார்த்துத்தான் முடிவு செய்வார். "சேவியர் இந்த வாரம் ஏ ஷிஃப்ட்டு, சாயந்தரம் வீட்ல இருப்பான்... லூர்து சி ஷிஃப்ட்டு, தூங்கி எழுந்திருப்பான்" என்று விரல் விட்டுச் சொல்வார். எங்கள் தெருவில் எந்த ஆண் எந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்பது அவருக்கு மனப்பாடம். எந்த ஆண் என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? எழுதும்போதுதான் நானே கவனிக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை வரிசைப்படி ஸ்டெல்லா வீடு.

ஸ்டெல்லாவின் கணவர் ஜெயராஜ் ஜூலையில் இறந்துபோனார். ஷிஃப்ட் பஸ்சுக்கு நின்ற இடத்திலேயே மாரடைப்பு. சாகிற வயதே இல்லை. ஒரே பெண், அனிதா, எட்டாவது படிக்கிறாள். அடக்கத்துக்கு இடம் கொள்ளாத கூட்டம். நானும் போயிருந்தேன்... அழுதேன்... வந்துவிட்டேன்.

ஸ்டெல்லா வீட்டு வாசலில் இந்த வருஷம் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டவில்லை. சாவு விழுந்த வீட்டில் வருஷப் பூசை முடிகிற வரை நட்சத்திரம் கட்டுவதில்லை, குடில் வைப்பதில்லை, பலகாரம் சுடுவதில்லை. வேதத்தில் இல்லாத சட்டம். ஆனால் வேதத்தில் இருப்பதைவிட இதை நாங்கள் ஒழுங்காகக் கடைப்பிடிப்போம்.

நட்சத்திரம் இல்லாத வாசலைப் பார்த்ததும் ஆரோக்கியம் அண்ணன் கையைக் காட்டினார். பாட்டு நின்றது. ரோஸ்மேரி டீச்சர்தான் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். நடையை நிறுத்தாமல் நேராகப் போய், பக்கத்து வளைவில் இருக்கிற தன் வீட்டுக்கே மாதாவைக் கொண்டு போய்விட்டார். அங்கே கதவைத் தட்டி, இடம் கேட்டு, இடம் கிடைத்து... எல்லாம் முறைப்படி நடந்தது. சுண்டல் நன்றாக இருந்தது.

தாண்டும்போது நான் பார்த்தேன். ஸ்டெல்லா வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே டியூப் லைட் எரிந்தது. குளிர் நாளில் யார் கதவைத் திறந்து வைப்பார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியது, போய்விட்டது.

மறுநாள் காலையில் பால் பூத்தில் ஈஸ்வரம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். ஸ்டெல்லா இருப்பது லைன் வீட்டில்; ஒரு சுவர் தள்ளி ஈஸ்வரம்மா குடும்பம். தெலுங்கு பேசுகிறவர்கள். சூளகிரிப் பக்கம் நிலத்தை விட்டுவிட்டு வேலைக்காக இங்கே வந்தவர்கள்.

"ஏம் மேடம், நேத்து உங்க சாமி ஸ்டெல்லா வீட்டுக்கு வரலியே?"

"அது... துக்க வீடு இல்லீங்களா. அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு..."

"அந்தம்மா வீடெல்லாம் கழுவி, டேபிள் மேல வெள்ளத் துணி விரிச்சு, பெரிய குண்டான்ல டீ போட்டு வச்சிட்டு ஒக்காந்திருந்துச்சு. பாப்பா பட்டுப் பாவாட கட்டினு வாசல்லயே நின்னுச்சு. நீங்க போனதுக்கு அப்புறம் டீய எடுத்தாந்து எங்க லைன்ல எல்லாருக்கும் ஊத்திக் குடுத்துச்சு. சக்கர நல்லா போட்டிருந்துச்சு, பாவம்."

எனக்குப் பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

ஈஸ்வரம்மா விடவில்லை. "எங்களுக்குத்தான் தீட்டு, வருஷம் ஆவற வரைக்கும் எந்த நல்லதுக்கும் போகக்கூடாது. உங்க சாமிக்குமா அது?"

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எங்களுக்குத் தீட்டெல்லாம் கிடையாது என்று எத்தனை மேடையில் பேசியிருக்கிறோம்! கிடையாதுதான். பெயரை மாற்றி மரியாதை என்று வைத்துக்கொண்டோம்.

வீட்டில் பாலை வைத்துவிட்டு நேராக ஆரோக்கியம் அண்ணனிடம் போனேன். வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஈஸ்வரம்மா சொன்னதைச் சொன்னேன். மனிதர் முகம் சுருங்கிவிட்டது.

"நல்ல எண்ணத்துலதான் வுட்டன்மா. ஜெயராஜ் போயி இன்னும் வருஷம் திரும்பல. அந்த வீட்ல போயி கையத் தட்டிப் பாட்டுப் பாடறதா? நீயே சொல்லு."

"பாடாம போயிருக்கலாமே அண்ணா."

"போயி?"

"போயி... உக்காந்திருக்கலாம்."

நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "அந்தப் பொண்ணு அழுதுதுன்னா யாரு சமாளிக்கறது? எனக்கு அதெல்லாம் வராதும்மா."

நான் அவரைக் கோபித்துக்கொள்ளத்தான் போயிருந்தேன். அதைக் கேட்ட பிறகு முடியவில்லை. ஏனென்றால் எனக்கும் அதெல்லாம் வராது.

துக்கம் கேட்கப் போகும்போது நமக்கெல்லாம் ஒரு தைரியம் இருக்கும். கூட்டம் இருக்கும், ஒப்பாரி இருக்கும், மாலை இருக்கும், செய்ய வேலை இருக்கும். கஷ்டம் அதற்குப் பிறகுதான். பந்தலைப் பிரித்துவிடுவார்கள். அந்த வீட்டுக்குப் போனால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இருக்கிற முகத்தைப் பார்த்து, ஏதாவது பேச வேண்டும். என்ன பேசுவது? அதற்குப் பயந்துகொண்டு, அவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். அவர்கள் நிம்மதிக்காகவா விலகி நிற்கிறோம்? சும்மா இருங்கள்.

கடைசியில் ஆரோக்கியம் அண்ணனே முடிவு செய்தார். வெள்ளிக்கிழமை என் வீட்டு முறை. அதை ஒருநாள் தள்ளிவைத்துவிட்டு, அன்றைக்கு மாதாவை ஸ்டெல்லா வீட்டுக்குக் கொண்டுபோவது. எல்லாரும் கட்டாயம் வர வேண்டும்.

வந்தார்கள். வழக்கமாக வராதவர்கள்கூட வந்தார்கள். குற்ற உணர்ச்சி சேர்க்கிற கூட்டத்தை எந்தப் பிரசங்கமும் சேர்க்க முடியாது. ஒருவர் பிளம் கேக் வாங்கி வந்திருந்தார். துக்க வீட்டுக்குக் கேக் கொண்டுபோகலாமா என்று வழியெல்லாம் ஒரு விவாதம். பாடுவதா வேண்டாமா என்று இன்னொன்று. ஒரே ஒரு பாட்டு, மெதுவாக, கைதட்டாமல் என்று முடிவானது.

பனி இறங்க ஆரம்பித்திருந்தது. லைன் வீட்டு வாசலில் போய் நின்றோம். ஆரோக்கியம் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த வீட்ல இடம்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

கதவில் பூட்டு.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரோ, "சொல்லிட்டு வந்திருக்கணும்" என்றார்கள். யாரோ, "யார்கிட்ட நம்பர் இருக்கு?" என்றார்கள். அன்பியத்து வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தது ஜெயராஜின் நம்பர். ஸ்டெல்லாவின் நம்பர் யாரிடமும் இல்லை.

பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஈஸ்வரம்மா வந்தார். பின்னாலேயே அனிதா, கையில் கணக்கு நோட்டோடு.

"அந்தம்மா செகண்ட் ஷிஃப்ட்டு இல்ல? ரெண்டு மணிக்கே பஸ் ஏறிடுச்சு. மங்களவாரம், அதான் செவ்வாக்கெழம, உங்களுக்காகத்தான் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு பொண்ணுகிட்ட ஷிஃப்ட்ட மாத்தி வாங்கிச்சு. தினமும் மாத்தித் தருவாங்களா?"

ஸ்டெல்லா வேலைக்குப் போகிறாள் என்பது எங்களில் சிலருக்குத் தெரியும். ஏதோ எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி என்று கேள்விப்பட்டிருந்தேன். என்ன ஷிஃப்ட்? யாருக்கும் தெரியாது. தெருவில் இருக்கிற அத்தனை ஷிஃப்டையும் விரல் நுனியில் வைத்திருக்கிற மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஜெயராஜ் இருந்திருந்தால் இந்த வாரம் அவருக்கு எந்த ஷிஃப்ட் என்பதுதான்.

ஒரு உண்மையைச் சொல்லட்டுமா? பூட்டைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றமாக இல்லை. நிம்மதியாக இருந்தது. வந்தாகிவிட்டது, அழுகையைப் பார்க்க வேண்டியதில்லை. சுற்றிப் பார்த்தேன். பாதிப் பேர் முகத்தில் அதே நிம்மதி. நாம் எவ்வளவு கேவலமான பிறவிகள் என்பது இந்த மாதிரிச் சின்ன இடங்களில்தான் தெரிகிறது.

"இங்க வச்சிட்டுப் போங்க. வந்ததும் குடுத்துடறன்" என்றார் ஈஸ்வரம்மா.

ஆரோக்கியம் அண்ணன் தயங்கினார். மந்திரித்த சுரூபம், வேற்று மதத்தார் வீட்டில் விடலாமா, ஃபாதர் என்ன சொல்வார் என்பது அவர் யோசனை. அதற்குள் ஈஸ்வரம்மா டிவி ஸ்டாண்டில் இருந்த டப்பாக்களை ஒதுக்கி, ஒரு துண்டை விரித்துவிட்டார். மேலே வெங்கடாசலபதி படம். கீழே மாதாவும் சூசையப்பரும். அனிதா பக்கத்தில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து கணக்குப் போட ஆரம்பித்தாள்.

ஒரு பரலோக மந்திரத்தை வேகமாகச் சொல்லிவிட்டு, கேக்கை அனிதா கையில் கொடுத்துவிட்டு, தலையைத் தடவிவிட்டுக் கிளம்பிவிட்டோம். மறுபடியும் நல்ல மரியாதையாக.

மறுநாள், சனிக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். காலிங் பெல். திறந்தால் ஸ்டெல்லா. கம்பெனி யூனிஃபார்ம், கழுத்தில் ஐடி கார்டு, இடுப்பில் குழந்தையைச் சாய்த்துக்கொள்கிற மாதிரி துண்டில் சுற்றிய சுரூபம். அடுத்த முறை என் வீடுதானே... சாயங்காலம் அவளுக்கு ஷிஃப்ட். அதனால் தானே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இளைத்திருந்தாள். "இடம் இருக்கா அக்கா?" என்று சிரித்தாள்.

"இருக்குது, உள்ள வா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"இல்லக்கா, பஸ்சு வந்துரும்."

சுரூபத்தை வாங்கிக்கொண்டேன். எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "செவ்வாய்க்கிழம தப்பு நடந்துபோச்சு ஸ்டெல்லா. நட்சத்திரம் இல்லைன்னதும் நாங்க..." என்று இழுத்தேன்.

"ஏணி ஏறிக் கட்ட ஆளில்லக்கா. அதான் கட்டல." சாதாரணமாகச் சொன்னாள். "அவருதான் கட்டுவாரு."

நான் மாதாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் முகத்தைப் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

"அதான் நேத்து கொண்டாந்தோமே. மாதா வந்துட்டாங்கல்ல" என்றேன். என் அசட்டுத்தனத்தைப் பாருங்கள்.

"மாதா வந்தாங்கக்கா. ராத்திரி எங்ககூடத்தான் இருந்தாங்க." துண்டை மடித்தாள். "நீங்கதான் யாரும் வரல."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஜூலைல இருந்து ஒருத்தரும் வரலக்கா. ரோட்டுல பாத்தா, 'ஜெபிச்சிக்கறோம்மா'ன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. நல்ல மனசுலதான் சொல்றாங்க, தெரியும். ஆனா வூட்டுக்குள்ள வந்து ஒக்காந்து அவரப் பத்தி ஒரு வார்த்த பேசறதுக்கு ஆளில்ல. கம்பெனில யாருக்கும் அவரத் தெரியாது. ஈஸ்வரம்மா பேசுவாங்க, ஆனா அவங்க இங்க வந்தே ஒரு வருஷம்கூட ஆவல. உங்களுக்கெல்லாம்தான அவரத் தெரியும்?"

சூசையப்பரின் கையைத் தொட்டாள். கையில் கோலாக ஒரு வெல்டிங் ராடு. "பழைய கோல் ஒடஞ்சி போச்சுன்னு அவருதான் கம்பெனில இருந்து எடுத்தாந்து வச்சி ஒட்டினாரு. சாமிக்குப் போயி இதயா வப்பாங்கன்னு நான் திட்டினன். 'அவரும் தொழிலாளிதான்டி'ன்னாரு. செவ்வாக்கெழம நீங்கல்லாம் வந்தா, யாராவது அதப் பாத்துட்டு, 'ஜெயராஜ் வச்சதுல்ல'ன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சிருந்தன். பாப்பா கேக்கணும்னு."

எனக்கு அது ஜெயராஜ் வைத்ததென்று தெரியும். அவர் அதை ஒட்டிக் கொண்டுவந்த அன்றைக்கு நாங்கள் எல்லாரும் சிரித்திருக்கிறோம். ஆரோக்கியம் அண்ணன், "சூசையப்பர தச்சு வேலைலருந்து ஃபேப்ரிகேஷனுக்கு மாத்திட்டாண்டா" என்றார். இதையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்கலாம். சுரூபத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவளோ அழவில்லை. அழுவாள் என்று பயந்துகொண்டு ஒரு தெருவே அவளைத் தாண்டிப் போனது... கடைசியில் வாசற்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டது நான்தான். அவள் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

மூலையில் பஸ் ஹாரன் கேட்டது. "வரேன்க்கா" என்று ஓடினாள்.

இன்றைக்குப் பூசையில் ஃபாதர் காத்திருத்தலைப் பற்றி நன்றாகப் பேசினார். ஊதா உடுப்பு, எரிகிற மெழுகுவத்தி, கழித்த ரோஜாக்கள். கடவுளுக்காக நாம் காத்திருக்கிறோம் என்றார். எனக்குத் திறந்திருந்த அந்தக் கதவும் டியூப் லைட்டும்தான் கண்ணுக்குள் நின்றன. நாங்கள் காத்திருக்கிறவர்கள் இல்லை; எங்களுக்காக ஒருத்தி காத்திருந்தாள். அதற்கு எந்தப் பிரசங்கத்திலும் இடம் இல்லை போலிருக்கிறது. ஆரோக்கியம் அண்ணன் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். பூசை முடிந்ததும், ஸ்டெல்லா சொன்னதை அவரிடம் சொன்னேன். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். அப்படியே வெளியே போய்விட்டார்.

சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றுவது சுலபம். அதற்கு நம்மிடம் பேச எதுவும் இல்லை. நாமும் அதனிடம் எழுதி வைத்ததைச் சொன்னால் போதும். உயிரோடு இருக்கிறவர்களிடம்தான் நமக்கு வார்த்தை வருவதில்லை.

ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். சனிக்கிழமை அவள் பஸ்சுக்கு ஓடியபோது பின்னாலேயே கேட் வரை போய், வார லீவு என்றைக்கு என்று கேட்டேன். "வியாழக்கெழமக்கா" என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினாள்.

ஜூலைக்குப் பிறகு அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது.